எட்டாம் கம்பத்துத் தவளைகள்

நாலு மணிச் சங்கு ஊதியதும் குவாரிக்குக் கீழே இருந்த அறுபது வீட்டுக்காரர்களும் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும். சங்கு நின்று பத்து எண்ணுவதற்குள் வெடிக்கும். முதலில் தரை உதறும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். அதற்கும் பிறகு தகரத்தின்மேல் கல் விழும். சின்னக் கல் என்றால் தடதடவென்று உருண்டு வாசலில் விழுந்துவிடும். பெரிய கல் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்து வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தவளைக்காரியின் வீட்டுக் கூரையில் அப்படி மூன்று பொத்தல்கள். மூன்றையும் தாரும் சாக்கும் வைத்து அடைத்திருந்தார்கள்.

அவள் புருஷன் குவாரியில் துளை போடுகிறவன். முப்பது கிலோ மெஷினை வயிற்றோடு அணைத்துப் பாறையில் அழுத்தி நாளெல்லாம் துளைப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் அவன் கை ஆடிக்கொண்டே இருக்கும். டீ டம்ளரை அரைக்குமேல் ஊற்றிக் கொடுக்க முடியாது. அவன் போட்ட துளைகளில் வெடிமருந்து திணித்துத் திரி வைக்கிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். இடது கையில் இரண்டு விரல் கிடையாது.

"அக்கா தவளையை எண்ணுது, மாமா துளையை எண்ணுறாரு. நான் என் விரலை எண்ணுறேன், எட்டுக்கு மேல வரவே மாட்டேங்குது" என்பான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

மாமியாருக்குக் காது கேட்காது. கிரஷரில் முப்பது வருஷம் ஜல்லி அள்ளியவள். சங்கு ஊதும்போது வாசலில் உட்கார்ந்தபடியே, "எல்லாரும் ஏன் ஓடுறாங்க, கறி வெட்டுறாங்களா?" என்று கேட்பாள். மருமகள்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டும். இழுத்தால், "என்னைக் கொல்லுற கல்லை நான் எப்பவோ உடைச்சுப் போட்டுட்டேன்டி" என்று திமிறுவாள்.

தவளைக்காரி என்று பேர் வந்தது அவள் பார்த்த வேலையால். மலைமேலிருந்து இறங்கும் ஓடையை ஒட்டி ஆய்வு நிலையத்தார் எட்டு இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். முதல் கம்பம் பாலத்தடியில். எட்டாவது, ஓடை பிறக்கிற இடத்தில். வாரத்தில் மூன்று நாள், பொழுது சாய்கிற நேரத்தில், ஒவ்வொரு கம்பத்தடியிலும் பத்து நிமிஷம் நின்று, கூப்பிடுகிற ஆண் தவளைகளைக் காதால் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். சம்பளம் கொஞ்சந்தான். ஆனால் மாதம் தவறாமல் வந்தது. பதினோரு வருஷமாக அவள் ஏறி இறங்கினாள்.

அது கட்டைவிரல் நகமளவுத் தவளை. பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை, காய்கிற இலையின் நிறம். தண்ணீரில் முட்டையிடாது. ஓடைமேல் சாய்ந்திருக்கிற இலையில் இடும். இட்ட பிறகு பெண் போய்விடும். ஆண்தான் முட்டைமேல் உட்கார்ந்து தன் உடம்பின் ஈரத்தால் அதைக் காயாமல் பார்த்துக்கொள்ளும். காவலில் இருந்தபடியே கூப்பிடும். கண்ணாடி டம்ளரை நகத்தால் சுண்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதல் கம்பத்திலேயே முப்பத்தேழு குரல். மூன்றாம் வருஷம் அங்கே நாலு. அதற்கு அடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. பனி முன்னெல்லாம் பாலம்வரை இறங்கி வரும். பிறகு பாதி மலையோடு நின்றுவிட்டது. மழையும் நாள் கணக்கில் தூறியது போய், ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு இருபது நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தது. அந்த இருபது நாளில் இலைமேல் முட்டை வெங்காயச் சருகு போல ஒட்டிக் காய்ந்துவிடும். ஆண் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். தவளைகள் ஈரத்தைத் தேடி மேலே ஏறின. இரண்டாம் கம்பம் போயிற்று, பிறகு மூன்றாவது, எட்டாம் வருஷத்தில் நாலாவதும் போயிற்று. அவளும் அவற்றின் பின்னால் ஏறினாள்.

குரல் மெலிந்துகொண்டே வந்ததையும் முதலில் கண்டுபிடித்தது அவள் காதுதான். ஆய்வு நிலையத்து மேடம் மெஷின் கொண்டுவந்து பதிவுசெய்து, பழைய பதிவோடு வைத்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்மா. சூடு ஏற ஏற உடம்பு சின்னதாகுது. உடம்பு சின்னதானா குரலும் கீச்சுன்னு ஆயிடுது" என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் இதையெல்லாம் சொன்னாள். அவள் எதைத்தான் சொல்லாமல் இருந்தாள்? எந்த இலையில் இருக்கும், எந்நேரம் இறங்கும், எங்கே ஒளியும் என்று அத்தனையும் சொல்வாள். ஆடுகிற கையால் சோற்றைப் பிசைந்தபடி அவனும் கேட்டுக்கொண்டிருப்பான்.

இந்த வருஷம் தவளை மிச்சமிருந்தது ஏழிலும் எட்டிலும் மட்டும். ஏழில் பத்தொன்பது, எட்டில் ஐம்பத்திரண்டு. குவாரி முதலாளி புதிதாக வெடிக்கக் கேட்டிருந்ததும் அந்த எட்டாம் கம்பத்துப் பாறையைத்தான். மாதக் கடைசியில் அவள் கொடுக்கிற கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஊரில் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிறவன்கூட, "என்னம்மா, உங்க தவளை எல்லாம் சௌக்கியமா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டான்.

கணக்குக் கொடுக்க ஐந்து நாள் இருந்தது. அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் ஏழாம் கம்பத்தடிக்குப் போய் நின்றாள். குரல் இல்லை. காற்று அடித்தால் சில நேரம் அப்படி அடங்கும். நின்றாள். பத்து நிமிஷம் ஆயிற்று. வண்டு சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டையில் ஏதோ கசந்தது. மூச்சை இழுத்தால் மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் கலந்த மாதிரி ஒரு நெடி.

டார்ச்சை அடித்தாள். இலைகள் எல்லாம் எண்ணெய் பூசினாற்போல மினுங்கின. முதல் இலையில் முட்டைமேல் உட்கார்ந்தபடியே ஒன்று செத்திருந்தது. வாய் பிளந்து, நாக்கு வெளியே வந்து இலையோடு ஒட்டியிருந்தது. கீழே ஓடையில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. கல்லிடுக்கில் ஒதுங்கிக் குவியலாகக் கிடந்தன. சில இன்னும் சாகவில்லை. பின்னங்காலை நீட்டி நீட்டி உதைத்துக்கொண்டு, மல்லாந்து, வட்டமடித்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் அது நாலு தடவை உதறிவிட்டு விறைத்தது. தோல் உரிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

எட்டாம் கம்பம்வரை ஓடினாள். அங்கேயும் அதேதான். நண்டு, மீன்குஞ்சு, தண்ணிப்பாம்பு ஒன்று, ஒரு குருவி என்று எல்லாம் செத்துக் கிடந்தன. பாறைக்குப் பின்னால் இரண்டு காலி டப்பாக்கள் கிடந்தன. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து. அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

அவள் வீடு திரும்பியபோது புருஷன் பின்பக்கம் டிரம்மடியில் நின்று குளித்துக்கொண்டிருந்தான். சாம்பலை வைத்துக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தான். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? இவன் எங்க போய் உருண்டுட்டு வந்தானோ, ஒரே நாத்தம். மூட்டப்பூச்சிக்கு மருந்தடிச்சானான்னு கேட்டா முறைக்குறான்."

தவளைக்காரி நேராகப் பின்பக்கம் போனாள்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

அவன் காட்டவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து கொப்புளித்திருந்தன. தோளில் மருந்து தெளிப்பானின் வார் அழுத்திய தடம் இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது. கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"யார் வாங்கிக் குடுத்தது?"

"குவாரி மேஸ்திரி."

"கூட யார் வந்தது?"

அவன் சொம்பைத் தண்ணீரில் முக்கினான்.

"என் தம்பியா?"

"அவன் ஓடைக்கு ஊத்தினான். நான் இலைக்கு அடிச்சேன்."

"இலையில இருக்குன்னு மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்."

"உங்களுக்கு?"

"நீ சொல்லித்தானே" என்றான் அவன்.

அடுப்புக்கு வைத்திருந்த விறகு பக்கத்தில் அடுக்கியிருந்தது. அதில் ஒன்றை உருவினது அவளுக்கே தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். ஈர உடம்பில் அடி சத்தென்று ஒட்டியது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவள் முதுகிலும் இடுப்பிலும் கண்டபடி அடித்தாள். விறகு ஒடிந்ததும் இன்னொன்றை எடுத்தாள்.

"சொல்லித்தானே! சொல்லித்தானே தெரியும் உனக்கு! சோறு போட்டுச் சொன்னேனேடா உனக்கு!"

பதினாலு வருஷத்தில் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. மாமியார் எழுந்து வந்து பார்த்தாள். மகன் காதிலிருந்து ரத்தம் வடிந்தது. மருமகள் கையிலிருந்த விறகைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"அடிச்சது போதும், உள்ள வாங்க. ஊரு பாக்குது" என்றாள்.

உள்ளே சோறும் கருவாடும் ஆறிக் கிடந்தன. யாரும் தட்டை எடுக்கவில்லை. அவன் துண்டைக் காதில் அழுத்தியபடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

"நீ அந்தப் பழைய குவாரிக் குழிக்குள்ள ஒரு நாள் வந்து நின்னு பாத்திருக்கியா?"

அவள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"தலைக்கு மேல பாறை நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. நான் மெஷினை அழுத்துறப்பல்லாம் அது மண்ணு சிந்துது. கழுத்துல விழுந்து முதுகு வழியா இறங்கும். ஒவ்வொரு தடவையும், இந்தா, இதுதான், முடிஞ்சுதுன்னு நெனைப்பேன். போன மழைக்கு ரெண்டு பேரு போனாங்களே, நாங்க எப்படி எடுத்தோம் தெரியுமா? மண்வெட்டியால சுரண்டி எடுத்தோம். ரெண்டு சாக்குல பிரிச்சுப் போட்டுக் குடுத்தோம். எது யாருதுன்னு இன்னிக்குவரைக்கும் தெரியாது. மேல புதுப் பாறை திறந்தா தலைக்கு மேல வானந்தான் இருக்கும். அதுக்குக் குறுக்க என்ன நிக்குது? கட்டைவிரல் தண்டி ஒரு தவளை!"

"குழியை மேல இருந்து படிப்படியா வெட்டணும்னு சட்டம். அப்படி வெட்டாம அடியிலயே குடைஞ்சு குடைஞ்சு எடுத்தது தவளையா?"

"தெரியும்."

"தெரிஞ்சா மொதலாளி வாயில மருந்தை ஊத்தியிருக்கணும். வாயில்லாத ஜீவன் மேல ஊத்துவியா?"

"மொதலாளி எங்க இருக்கான்? நான் அவனைக் கண்ணால பாத்ததே இல்ல. தவளை இருக்குற எடம் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் சோற்றுப் பானையை இழுத்து மூடினாள். அவன் மெதுவாகக் கேட்டான்.

"என்ன எழுதப் போற?"

"ஏன்?"

"பூஜ்யம்னு எழுதிடு. பொய்யும் இல்லையே. நாளைக்கு யாரு போய்க் கேட்டாலும் அங்க பூஜ்யந்தான்."

"செத்ததை எண்ணி எழுதுவேன்."

"எண்ணி?"

"எதனால செத்துதுன்னு ஒரு கட்டம் இருக்கு படிவத்துல. அதையும் எழுதுவேன்."

"யாராலன்னு?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மாமியார் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்பிடலேன்னா கருவாட்டைப் பூனைக்குப் போடவா?" என்றாள்.

விடிந்தும் விடியாததுமாக அவள் வெள்ளைத் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு மேலே போனாள். மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர்கள் வந்து சேர மத்தியானம் ஆகும். அதற்குள் ஓடை அடித்துக்கொண்டு போய்விடும், எறும்பு இழுத்துவிடும். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஆணைத் தனியாக, பெண்ணைத் தனியாக, வால் இன்னும் மறையாத குஞ்சுகளைத் தனியாக வைத்தாள். பெண்கள் சிலவற்றின் வயிற்றில் முட்டை வெளியே தெரிந்தது. வெயில் ஏற ஏற அவை தட்டிலேயே கருத்துச் சுருங்கின. எட்டில் தொடங்கி ஏழாம் கம்பத்தடிக்கு இறங்கி வந்தபோது நூற்றெழுபது வரை எண்ணியிருப்பாள். கீழே கல் சரியும் சத்தம் கேட்டது.

மேஸ்திரி முன்னால் வந்தான். பின்னால் தம்பி, அவன் தோளில் சம்மட்டி. இன்னும் இரண்டு பேர்.

"என்னம்மா செய்யற?" என்றான் மேஸ்திரி. குரலில் கோபமே இல்லை.

"என் வேலையை."

"அது முடிஞ்சு போச்சு. தவளை இல்லேன்னா தவளைக்காரி எதுக்கு? வீட்டுக்குப் போ."

"எண்ணிட்டுப் போறேன்."

"அக்கா." தம்பி முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது. அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "அக்கா, சொன்னாக் கேளு. இதுல மாமா பேரும் வரும், என் பேரும் வரும். ஜெயில்ல போடுவாங்கக்கா. எம்பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்."

"ஊத்துறப்ப எத்தனையாம் மாசம்?"

"அக்கா!"

"நூத்தி எழுபத்தொண்ணு" என்று சொல்லி ஒன்றைத் தட்டில் வைத்தாள்.

தம்பி தட்டை உதைத்தான். கறுத்துப்போன சின்ன உடம்புகள் பாறைமேல் சிதறின. அவள் எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அடுத்த அறைக்கு அவள் கை இறங்குமுன் அவன் இரண்டு கையாலும் அவள் மாரில் பிடித்துத் தள்ளினான். அவள் பின்னால் பறந்து பாறை விளிம்பில் தோள்பட்டை இடிக்க விழுந்தாள். காயாத குச்சியை முறித்தாற்போல உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இடது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்திருக்க வலது கையை ஊன்றினாள். அந்தக் கையை மேஸ்திரி மிதித்து நின்றான்.

"தட்டை நொறுக்கு. படிவம், பேனா எல்லாத்தையும் நொறுக்கு" என்றான்.

படிவம் வைத்த அட்டை அவள் முழங்காலடியில் கிடந்தது. தம்பி சம்மட்டியைத் தூக்கினான். அவள் அந்த அட்டையின்மேல் குப்புறச் சரிந்து படுத்துக்கொண்டாள்.

"நகருக்கா."

"அடிறா."

"நகருன்னு சொல்றேன்ல!"

"என் மண்டையைச் சேத்து அடி. நீ பொறந்தப்ப உன்னை இந்தக் கையிலதான் வாங்கினேன்."

அவன் அழுதுகொண்டே சம்மட்டியை இறக்கினான். அக்காவை அடிக்க நினைத்தானா, பக்கத்துப் பாறையில் அடித்து மிரட்ட நினைத்தானா என்பது அவனுக்கே தெரியாது. பிறகு நினைத்துப் பார்த்தபோதும் அவனால் சொல்ல முடியவில்லை. கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த புருஷன் குறுக்கே பாய்ந்து அவள் தலைக்கு மேல் கையை நீட்டியது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. சம்மட்டி சறுக்கி அவன் வலது கையைப் பக்கத்துப் பாறையோடு வைத்து அடித்தது.

அவன் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்கள் எந்தப் பக்கமெல்லாமோ திரும்பியிருந்தன. நடுவிலிருந்து வெள்ளை எலும்பு வெளியே வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு மேஸ்திரி வயிற்றில் முட்டினான். மேஸ்திரி சரிவில் உருண்டு ஆறாம் கம்பத்தில் போய் இடித்து நின்றான். கூட வந்த இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி ஓடினார்கள். புருஷன் இடது கையால் தம்பியின் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய் ஓடையில் முகத்தை அமுக்கினான். முழங்காலை முதுகில் ஊன்றி அழுத்தினான்.

"குடி! நாம ஊத்தினதைக் குடி! குடிச்சுப் பாரு!"

தம்பியின் கால்கள் உதைத்தன. சுற்றிலும் செத்துப்போன தவளைகள் அலையில் ஏறி இறங்கின.

"விடுங்க! செத்துருவான்! என்னங்க, விடுங்க!"

அவன் காதில் விழவில்லை. அவள் ஒற்றைக் கையால் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிப் பின்னால் இழுத்தாள். முறிந்த தோள் எலும்பு உரசி அவளுக்குக் கண் இருட்டியது. விடவில்லை. மூன்றாவது இழுப்பில் அவன் புரண்டு விழுந்தான். தம்பி கரையில் ஏறிக் கவிழ்ந்து படுத்து நுரை நுரையாகக் கக்கினான். ஓடை கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பாகப் போயிற்று.

மூன்று பேரும் அப்படியே கிடந்தார்கள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. அவள் முழங்காலால் தவழ்ந்து போய், சிதறினவற்றை மறுபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"எத்தனைல விட்ட?" என்றான் புருஷன். நெஞ்சோடு அணைத்த கையைத் துண்டால் சுற்றியிருந்தான். துண்டு நனைந்து சொட்டியது.

"நூத்தி எழுபத்தொண்ணு."

அவன் இடது கையால் பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தான். இருநூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது.

மத்தியானம் வந்த மேடத்தின் ஜீப்பில்தான் மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மிச்ச இரண்டும் மடங்காது என்றார் டாக்டர். எதனால் என்கிற கட்டத்தில் அவள் 'பூச்சிமருந்து' என்று எழுதினாள். யாரால் என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. அவள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதே, மறுநாள் காலை, கட்டுப்போட்ட கையோடு அவன் படுக்கையிலிருந்து இறங்கிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான். இலைக்கு நான் அடித்தேன், ஓடைக்கு ஊற்றியதும் நான்தான், மருந்து கொடுத்தது மேஸ்திரி என்று சொன்னான். மச்சான் பேரைச் சொல்லவில்லை. கை எப்படி நசுங்கியது என்று கேட்டதற்கு, "தொழில்ல ஆச்சு" என்றான். அதோடு நிறுத்தாமல் பழைய குழியைப் பற்றியும் சொல்லிவிட்டான். தலைக்கு மேல் தொங்குகிற பாறை, சாக்கில் அள்ளின இரண்டு பேர் என்று ஒன்று விடவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர், "தவளைக்கு மட்டும் சொல்லு போதும்" என்றார். அவன் எழுந்திருக்கவில்லை. குழிக்கும் எழுதிய பிறகுதான் எழுந்தான்.

இரண்டு வாரத்தில் அதிகாரிகள் வந்தார்கள். மேல் பாறைக்கு அனுமதி இல்லை என்றார்கள். கீழ்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டு அதையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். மேஸ்திரி முன்ஜாமீனில் வேறு குவாரிக்குப் போய்விட்டான். கிரஷர் நின்ற அன்றைக்கு மாமியார் காலையிலிருந்து காதைக் குடைந்துகொண்டே இருந்தாள்.

"என்னமோ குறையுது" என்றாள். "என்னன்னு தெரியல."

ஊர் சும்மா விடுமா? முதல் வாரம் முழுக்க வீட்டின்மேல் கல் விழுந்தது. குவாரிக் கல் சங்கு ஊதிவிட்டு வரும். இதற்கு அந்த மரியாதையும் இல்லை. ஒரு கல் ஜன்னல் வழியாக வந்து பானையை உடைத்தது. இன்னொன்று தவளைக்காரியின் நெற்றியைக் கிழித்தது. ஏழு தையல். புருஷன் சிறையில். தோளில் கட்டோடு அவள் மூலையில் உட்கார்ந்திருக்க, மாமியார்தான் கடப்பாரையோடு வாசலில் போய் நின்றாள்.

"எறிங்கடா! முப்பது வருஷம் கல்லு அள்ளினவ முன்னாடி கல்லு எறியறீங்களா? அந்தக் குழிக்குள்ள இன்னும் மூணு மாசம் இறங்கியிருந்தா உங்க பொண்டாட்டிங்க சாக்கைப் பிரிச்சுப் பாத்து அழுதிருப்பாளுங்கடா!"

ஒரு கல் அவள் முழங்காலில் பட்டது. அவள் அதைக் குனிந்து எடுத்து எறிந்தவனையே பார்த்து எறிந்தாள். குறி தப்பவில்லை. அதற்குப் பிறகு கல் விழுவது குறைந்தது.

பிழைப்பு இல்லாமல் ஒவ்வொரு வீடாகக் காலி செய்தார்கள். தம்பியும் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்ததை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பெண் குழந்தையாம். போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு முறை துணி எடுத்து வைத்தாள். போகவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் புருஷன் ஜாமீனில் வந்தான். அப்போதுதான் மழை பிடித்திருந்தது. அதிசயமாக, அந்த வருஷம் கொட்டித் தீர்க்காமல் நாலு நாளாகத் தூறியது. பனி ஐந்தாம் கம்பம்வரை இறங்கியிருந்தது. வந்த மறுநாள் பொழுது சாய அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இடது தோள் சரியாகக் கூடவில்லை. பை நழுவிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஏழாம் கம்பத்தடியில் பத்து நிமிஷம் நின்றார்கள். இலைகள் கழுவி விட்டாற்போலப் பச்சையாக இருந்தன. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் கம்பத்தில் அவள் பத்து நிமிஷத்துக்குப் பதில் அரை மணி நேரம் நின்றாள். அவனும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"இன்னும் மேல போயிருக்குமோ?" என்றான் மெல்ல.

"மேல ஏது?" என்றாள்.

அவன் டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தான். ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் பாறை. அதற்கு மேல் மலை இல்லை, வானந்தான். வெளிச்சம் பனியில் போய்க் கரைந்தது. அந்த வானத்துக்குக் கீழே நின்று வேலை செய்யத்தான் அவன் மருந்தடித்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டார்ச்சை இறக்கினான்.

அவள் பாறையில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்து எழுதினாள். ஏழாவது: பூஜ்யம். எட்டாவது: பூஜ்யம். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். கடைசியில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கோடு இருந்தது. பதினோரு வருஷமாக அவள் அதைக் காலியாகவே விட்டு வந்தாள்.

"பேனாவைக் குடு" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் கேட்டேன்ல. ஒண்ணும் இல்லேன்னு நானும் எழுதணும்."

அவன் வலது கை பேனா பிடிக்காது. இடது கையில் வாங்கி, அவள் பிடித்துக்கொண்ட அட்டைமேல், ஒவ்வொரு எழுத்தாக, கோணலும் மாணலுமாகத் தன் பேரை எழுதினான். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரை அட்டை ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.